சண்டி மாடும் சண்டாசோகனும்

என் பாட்டனார் வீட்டில் ஒரு ஜோடி வண்டி மாடுகள் இருந்தன. ஒன்று செவலை, மற்றொன்று மயிலை. செவலைக்குத் தனியாகப் பெயர் எதுவும் கிடையாது. அது சொன்னபடி கேட்கும் மாடு. சொன்னபடி கேட்கிறவர்களுக்கு ஊரில் யார் பெயர் வைக்கிறார்கள்? மயிலைக்கு மட்டும் ஒரு பெயர் இருந்தது. சண்டி.

ஒரு கோடை விடுமுறையில் நெல் மூட்டை ஏற்றிய வண்டி ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது. ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். நடு ஆற்றில் மயிலை கால்களை மடக்கிப் படுத்துக்கொண்டது. வண்டிக்காரர் அதட்டினார், வாலை முறுக்கினார், சாட்டையை வீசினார். அது அசையவில்லை. "சண்டி! சண்டி!" என்று நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் கூச்சலிட்டோம். அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். வண்டிச் சட்டத்தில் செருகியிருந்த தார்க்குச்சியை உருவி, அதன் முனையிலிருந்த ஆணியால் மாட்டின் விலாவில் ஓங்கிக் குத்தினேன். ஒருமுறை அல்ல, மூன்று முறை. யாரும் என்னைத் தடுக்கவில்லை. மாடு எழுந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து பாட்டியிடம் இந்த வீரப் பிரதாபத்தைச் சொன்னேன். பாட்டி ஒன்றும் பேசாமல் என்னைக் கொட்டிலுக்கு அழைத்துக்கொண்டு போனாள். மாட்டின் கழுத்தருகே என்னைக் குனிய வைத்தாள். நுகத்தடி அழுத்திய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

"சண்டி சண்டின்னியே, இப்போ சொல்லு. யாருடா சண்டி?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. பிற்காலத்தில் கதை எழுதப் புகுந்து, கதைக்காகச் சரித்திரம் படிக்கப் புகுந்து, ஒரு சக்கரவர்த்தியின் பெயரோடு அதே சொல் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டபோதுதான் பாட்டியின் கேள்வி எவ்வளவு பழமையானது என்று எனக்குத் தெரிந்தது.

'சண்ட' என்பது வடமொழிச் சொல். உக்கிரமானது, கொடியது, கட்டுக்கடங்காதது என்றெல்லாம் அதற்குப் பொருள். அதற்குள் வெப்பம் என்ற பொருளும் இருக்கிறது. வடமொழியில் சூரியனுக்குச் 'சண்டாம்சு' என்று ஒரு பெயர். கடுங்கதிர்களை உடையவன் என்று அர்த்தம். நம் தமிழுக்கும் இந்த எண்ணம் புதிதல்ல. சூரியனை 'வெய்யோன்' என்கிறோம். கொடியவனையும் 'வெய்யவன்' என்கிறோம். இரண்டுக்கும் அடிப்படை வெம்மைதான். ஆனால் தமிழில் இன்னொரு பார்வையும் உண்டு. 'கொடுமை' என்ற சொல்லுக்கு வளைவு என்றும் பொருள். நேராக இருந்தால் செங்கோல், வளைந்தால் கொடுங்கோல். ஆக, ஒரு சொல் கொடுமையை நெருப்பாகப் பார்க்கிறது. மற்றொரு சொல் அதைக் கோணலாகப் பார்க்கிறது. நெருப்பாகப் பார்த்தால் அதில் ஒரு கவர்ச்சி வந்து விடுகிறது. கோணலாகப் பார்க்கும்போது அந்தக் கவர்ச்சி இல்லை. 'சண்ட' என்ற சொல்லின் சரித்திரமே இந்தக் கவர்ச்சியின் சரித்திரம் என்று சொல்லலாம்.

அந்தச் சொல் போய் ஒட்டிக்கொண்ட இடங்களைப் பாருங்கள். சுழன்றடிக்கும் காற்று சண்டமாருதம். மேடையில் யாராவது மூச்சு விடாமல் முழங்கினால் அவரையும் சண்டமாருதம் என்று பாராட்டுகிறோம். தென் ஜில்லாக்களில் ஊரை மிரட்டித் திரிபவனைச் 'சண்டியர்' என்பார்கள். அதைச் சொல்லும்போது குரலில் பயம் பாதி, மெச்சுதல் பாதி இருக்கும். தேவி மாகாத்மியத்தில் அம்பிகைக்குச் சண்டிகை என்று பெயர். அதே நூலில் அவளோடு போருக்கு வரும் அசுரர்கள் சண்டன், முண்டன் என்ற இருவர். அவர்களை அழித்த காளிக்குச் சாமுண்டா என்ற பெயர் வருகிறது. கொல்ல வந்தவனும் சண்டன், தெய்வமும் சண்டிகை. சொல் ஒன்றுதான். அது யார் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்து நாம் கையெடுத்துக் கும்பிடுகிறோம், அல்லது காறித் துப்புகிறோம்.

சரித்திரத்தில் இந்த அடைமொழியைச் சுமந்த பழைய அரசன் ஒருவன் உஜ்ஜயினியில் இருந்தான். புத்தர் காலத்தவன். பெயர் பிரத்யோதன். நம் கொங்குவேளிரின் பெருங்கதையில் பிரச்சோதனன் என்று வருகிறானே, வாசவதத்தையின் தந்தை, யந்திர யானையைக் கொண்டு உதயணனைச் சிறைப்பிடித்தவன், அவனேதான். பாலி நூல்கள் அவனைச் 'சண்டப் பஜ்ஜோதன்' என்கின்றன.

அவனுக்குக் காமாலை நோய் கண்டது. மகதத்திலிருந்து ஜீவகன் என்ற பேர்பெற்ற வைத்தியனை வரவழைத்தான். நெய் கலக்காமல் மருந்து இல்லை. ராஜாவுக்கோ நெய் என்றால் குமட்டும். ஜீவகன் யோசித்தான். கஷாயத்தின் நிறமும் மணமும் சுவையும் வருமாறு நெய்யைக் காய்ச்சினான். மூலிகை பறிக்க எந்த நேரமும் வெளியே போகவேண்டியிருக்கும் என்று சொல்லி, அரண்மனை யானைகளையும் கோட்டை வாசல்களையும் தன் உபயோகத்துக்குத் திறந்துவிட உத்தரவு வாங்கிக்கொண்டான். மருந்தைக் கொடுத்தான், பத்திராவதி என்ற பெண் யானையின்மேல் ஏறினான், ஓட்டமெடுத்தான். ராஜா வாந்தியெடுத்து, நெய்யென்று தெரிந்துகொண்டு, ஆள் அனுப்பினான். அதற்குள் வைத்தியன் வெகு தூரம் போய்விட்டான். அப்புறம் மருந்து வேலை செய்தது. நோய் நீங்கியது. சினம் தணிந்த ராஜா வைத்தியனுக்கு விலைமதிப்பற்ற சிவி நாட்டு வஸ்திரங்களைப் பரிசாக அனுப்பினான்.

படிக்க வேடிக்கையான கதை. ஆனால் அதன் அடியில் ஒரு துயரம் இருக்கிறது. உயிரைக் காப்பாற்றுகிற வைத்தியன், தப்பி ஓட வழி செய்துகொண்ட பிறகுதான் மருந்தைக் கொடுக்கிறான். சண்டன் என்று பேர் எடுத்த அரசனின் அருகில் உண்மை சொல்ல ஆள் கிடையாது. அவனுக்கு நன்மைகூட மாறுவேஷத்தில்தான் வந்து சேருகிறது.

இந்த உஜ்ஜயினியில்தான் பிற்காலத்தில் மௌரிய இளவரசன் அசோகன் தந்தையின் பிரதிநிதியாக ஆண்டான் என்று இலங்கையின் மகாவம்சம் சொல்லுகிறது. அதே மகாவம்சம்தான், முன்பு செய்த பாவத்தால் அவன் சண்டாசோகன் என்று அறியப்பட்டான், பின்பு செய்த புண்ணியத்தால் தர்மாசோகன் என்று அறியப்பட்டான் என்றும் கணக்கு எழுதுகிறது.

சில வருஷங்களுக்கு முன் அசோகனை வைத்து ஒரு தொடர்கதை எழுதலாம் என்று நான் குறிப்புகள் சேகரித்தேன். முதல் அத்தியாயத்தில் சண்டாசோகன். கடைசி அத்தியாயத்தில் தர்மாசோகன். நடுவில் கலிங்கப் போர். கதைக்காரனுக்கு இதைவிட வாகாக என்ன வேண்டும்? கொடுமைக்கும் பஞ்சமில்லை. மகாவம்சத்தின்படி அவன் தொண்ணூற்றொன்பது சகோதரர்களைக் கொன்று பட்டத்துக்கு வந்தான். அசோகாவதானம் என்ற வடமொழி நூல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பூமரங்களையும் பழமரங்களையும் வெட்டி முள்மரங்களைக் காப்பாற்றுங்கள் என்று மந்திரிகளுக்கு உத்தரவிட்டானாம். அவர்கள் தயங்கினார்கள். ஐந்நூறு தலைகள் உருண்டன. அவனுடைய சொரசொரப்பான உடம்பைத் தொட விரும்பாத அந்தப்புரப் பெண்கள், அவன் பெயரைக் கொண்ட அசோக மரத்தின் மீது தங்கள் வெறுப்பைக் காட்டி அதை ஒடித்துப்போட்டார்கள். ஐந்நூறு பெண்களையும் எரித்துவிட்டான். அப்போதுதான் ஜனங்கள் அவனைச் சண்டாசோகன் என்று அழைத்தார்களாம்.

அதற்குப் பிறகு வருவதுதான் எனக்கு மிகவும் பயங்கரமாகப் பட்ட இடம். மந்திரி ராதகுப்தன் அரசனிடம், 'இந்தக் காரியங்களைத் தாங்களே செய்வது அழகல்ல. இதற்கென்று ஆள் வைத்துக் கொள்ளுங்கள்' என்று யோசனை சொல்லுகிறான். கொல்லாதே என்று சொல்லவில்லை. ஆள் வைத்துக் கொள் என்றுதான் சொல்லுகிறான்! தேடிப் பிடித்த ஆளின் பெயர் கிரிகன். அவனும் கொடுமைக்குப் பேர்போனவனாகையால் சண்டகிரிகன். அவன் ஒரு சிறைச்சாலை கட்டச் செய்தான். வெளியே பார்த்தால் கண்ணைப் பறிக்கும் அழகு, உள்ளே நரகம். நுழைந்தவர் எவரும் உயிரோடு திரும்பக்கூடாது என்று அரசனிடம் வரமும் வாங்கிக்கொண்டான். ஒரு நாள் சமுத்திரன் என்ற பிக்ஷு தெரியாமல் உள்ளே வந்துவிட்டார். அவரைக் கொதிக்கும் கொப்பரையில் போட்டார்கள். அவர் தாமரைமேல் அமர்ந்திருந்தார். அதிசயம் பார்க்க அரசனே வந்தான். பார்த்துத் திரும்பும்போது கிரிகன் வழியை மறித்தான். 'நுழைந்தவர் எவரும் திரும்பக்கூடாது என்பது தங்கள் வரம்' என்றான். 'நம் இருவரில் முதலில் நுழைந்தது யார்?' என்று கேட்டான் அசோகன். 'நான்தான்' என்றான் கிரிகன். கிரிகன் மாண்டான், சிறை இடிக்கப்பட்டது. ஐந்தாம் நூற்றாண்டில் வந்த பாஹியானும், ஏழாம் நூற்றாண்டில் வந்த ஹியூன் சாங்கும் பாடலிபுத்திரத்தில் இந்த 'அசோகன் நரகத்தை'ப் பற்றிக் கேட்டு எழுதி வைத்திருக்கிறார்கள்.

எவ்வளவு சிறந்த கதை! ஆனால் அது கதை. அசோகன் காலமாகிப் பல நூற்றாண்டுகள் கழித்து, பௌத்த சங்கத்தின் பெருமையைச் சொல்ல எழுந்த கதை. நோய் எவ்வளவு கடுமையோ, மருந்துக்கு அவ்வளவு பெருமை. முதல் பாதியில் அரசனைக் கரியாக்கினால்தான் இரண்டாம் பாதியில் அவன் வைரமாக ஜொலிப்பான். இந்த வித்தை எங்களைப் போன்ற கதைக்காரர்களுக்குத் தெரியாததல்ல.

தொண்ணூற்றொன்பது சகோதரர் கொலையை எடுத்துக்கொள்வோம். பட்டமேறிப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் தர்ம அதிகாரிகளை நியமித்ததைச் சொல்லும் பாறைச் சாசனத்தில், பாடலிபுத்திரத்திலும் வெளியூர்களிலும் உள்ள தன் சகோதரர்கள், சகோதரிகள், மற்ற உறவினர்கள் ஆகியோரின் வீடுகளிலும் அவர்கள் பணி செய்வதாக அசோகனே குறிப்பிடுகிறான். வீடுகள் இருந்ததால் சகோதரர்கள் எல்லாரும் உயிரோடு இருந்தார்கள் என்று ஆகாதுதான். ஆனாலும் வேரோடு அறுத்த குடும்பத்தைப் பற்றிப் பேசுகிற பேச்சாக அது இல்லை.

இன்னொரு சங்கடம். கதையின் இரண்டாம் பாதியிலும் ரத்தம் நிற்கவில்லை. புத்தரை அவமதித்து யாரோ ஒரு படம் வரைந்தார்கள் என்பதற்காக, தர்மாசோகனாகிவிட்ட அரசன் புண்டரவர்த்தனத்தில் பதினெண்ணாயிரம் ஆஜீவகர்களைக் கொல்லச் செய்தான் என்று அதே அசோகாவதானம் கூசாமல் எழுதுகிறது. அங்கே அவனைச் சண்டன் என்று அது சொல்லவில்லை! தன் கட்சிக்காகச் செய்த கொலை என்றால் அடைமொழி காணாமல் போய்விடுகிறது. ஆற்று மணலில் என் கையிலிருந்த தார்க்குச்சியின் ஞாபகம் எனக்கு வந்தது இந்த இடத்தில்தான். சண்டி என்பது மாட்டின் பெயர் அல்லவா? ஆகையால் குத்தியவனுக்கு அந்தப் பெயர் கிடையாது.

ஏடுகளை மூடிவைத்துவிட்டுக் கல்லெழுத்துக்களிடம் போனேன். நம் அதிர்ஷ்டம், அசோகன் தானே பேசியிருக்கிறான். அவனுடைய எழுத்தை ஜேம்ஸ் பிரின்சேப் என்ற அறிஞர் 1837-இல் படித்துக் காட்டினார். அதிலிருந்து இரண்டாயிரம் வருஷத்துக் குரல் மறுபடி கேட்கத் தொடங்கியது.

கலிங்கத்தைப் பற்றிப் பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தில் சொல்லுகிறான். பட்டமேறி எட்டு ஆண்டுகள் ஆனபின் அந்தப் போர். ஒன்றரை லட்சம் பேர் அங்கிருந்து பெயர்த்துக் கொண்டு போகப்பட்டார்கள். ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அதைப்போலப் பல மடங்கு மாண்டார்கள். ஜெயித்தவன் தன் வெற்றியை இப்படி எண்ணிக் காட்டி, இதற்காக வருந்துகிறேன் என்று பொறித்த கல் உலகத்தில் மிக அபூர்வம். ஆனால் இந்தச் சாசனத்தைக் கலிங்க நாட்டிலுள்ள தௌலியிலும் ஜௌகடாவிலும் அவன் வெட்டவில்லை. அங்கே அதற்குப் பதிலாக வேறு இரண்டு சாசனங்களை வெட்டினான். அவன் முழுக்கச் சாந்தமூர்த்தி ஆகிவிட்டான் என்பதும் இல்லை. காட்டுவாசிகளுக்கு, வருந்துகிறவனாயினும் எனக்குத் தண்டிக்கும் வலிமை உண்டு என்று அதே சாசனத்தில் எச்சரிக்கை விடுக்கிறான். மரண தண்டனையையும் அவன் எடுத்துவிடவில்லை. தண்டிக்கப்பட்டவர்களுக்கு மூன்று நாள் தவணை கொடுத்தான். கதையில் வரும் சண்டனும் இவன் இல்லை. கதையில் வரும் தர்மனும் இவன் இல்லை. ராஜ்யத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தன் கையையும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதன்.

அந்தக் கையைப் பார்த்துக்கொண்ட இடம் ஒன்று உண்டு. பட்டமேறி இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் வெளியிட்ட தூண் சாசனங்களில் மூன்றாவது. மிகச் சிறியது. மனிதன் தான் செய்த நன்மையையே பார்க்கிறான், இந்த நல்ல காரியத்தைச் செய்தேன் என்று எண்ணிக் கொள்ளுகிறான், தான் செய்த தீமையை அவன் பார்ப்பதில்லை, அதைப் பார்ப்பது மெத்தக் கடினம் என்று தொடங்குகிறான். அப்புறம் மனிதனைப் பாவத்தில் கொண்டுபோய்த் தள்ளுபவை எவை என்று ஐந்து பெயர் சொல்லுகிறான். முதல் பெயரைப் படித்ததும் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

'சண்டியே.'

சண்டத்தன்மை! எந்தப் பெயரைப் பிற்காலத்தார் அவன் நெற்றியில் ஒட்டினார்களோ, அந்தப் பெயரைத் தன் பட்டியலின் தலையில் தானே எழுதி வைத்திருக்கிறான். அடுத்து 'நிடூலியே'. அதுதான் நிஷ்டூரம், மாமியார் நிஷ்டூரமாகப் பேசினாள் என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அந்தச் சொல். அப்புறம் கோபம், 'மானம்', பொறாமை. நம் தமிழில் மானம் என்றால் உயிரினும் பெரியது. அசோகன் பாஷையில் மானம் என்பது செருக்கு. பாவத்தின் வாசல்களில் ஒன்று.

இதற்கெல்லாம் மேலாக ஒன்று. இந்த ஐந்தும் உங்களைக் கெடுத்துவிடும் என்று அவன் முடிக்கவில்லை. இவற்றால் நான் என்னைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கவேண்டும் என்று தன்மையில் பேசுகிறான். கல்லில் வெட்டிய 'நான்' அது. சண்டன் என்ற சொல்லை உலகம் எப்போதும் பிறர் மீதே எறிந்து வந்திருக்கிறது. கையில் அதை வாங்கித் தன் பக்கம் திருப்பிப் பார்த்தவன் இவன்.

அந்தத் தூண்களின் விதியையும் சொல்லவேண்டும். டோப்ராவிலிருந்த ஒன்றைப் பதினான்காம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக், நாற்பத்திரண்டு சக்கர வண்டியில் ஏற்றி, ஆயிரக்கணக்கான ஆட்களைக் கயிறு பிடித்து இழுக்கச் செய்து டில்லிக்குக் கொண்டுவந்தான். அன்று அந்த எழுத்தைப் படிக்க வல்லார் எவரும் இல்லை. மனிதர்கள் தோள் வலிக்க இழுத்து வந்தது எதை? நிஷ்டூரம் வேண்டாம் என்று சொல்லும் ஒரு கல்லை. அலகாபாத் தூணின் கதி இன்னும் விசித்திரம். அதில் ஜஹாங்கீர் தன் முன்னோர்களின் பெயர்வரிசையைப் பொறிக்கச் செய்தான். அந்த உளி விழுந்து சிதைந்த பழைய வரிகளில் இந்த மூன்றாம் சாசனத்தின் வரிகளும் சேர்த்தி. செருக்கைப் பற்றிய எச்சரிக்கையின் மேல் ஒரு வம்சப் பெருமை உட்கார்ந்துகொண்டது!

தௌலிக்குத் திரும்புவோம். போரில் நொந்துபோன கலிங்கத்தில் அசோகன் வெட்டிய அந்த இரண்டு தனிச் சாசனங்களில் ஒன்று, தோசாலி நகரத்து நீதி அதிகாரிகளுக்கு இட்ட கட்டளை. மக்கள் எல்லாரும் என் பிள்ளைகள் என்கிறான். காரணமில்லாமல் சிலர் சிறைப்படுகிறார்கள், வதைபடுகிறார்கள் என்று ஒப்புக்கொள்ளுகிறான். பொறாமை, முன்கோபம், நிஷ்டூரம், அவசரம், பழக்கமின்மை, சோம்பல், அலுப்பு, இவை உங்களிடம் இருந்தால் நியாயம் செய்யமாட்டீர்கள் என்கிறான். அலுப்பையும் அவசரத்தையும் கொடுமையின் பக்கத்தில் வைத்தானே, அதைக் கவனியுங்கள். அரசாங்கக் கச்சேரியில் ஒரு கையெழுத்துக்காகக் கால்கடுக்க நின்றவர்களுக்கு அதன் பொருள் விளங்கும். அங்கே நம்மை யாரும் வெட்டுவதில்லை; அலுத்துக்கொள்ளுகிறார்கள். அதுவே போதுமானதாக இருக்கிறது.

இந்த அதிகாரிகள் ஒழுங்காக நடக்கிறார்களா என்று பார்த்துவர ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒரு மகாமாத்திரனை அனுப்புவேன் என்கிறான். அவன் எப்படிப்பட்டவனாக இருப்பான்? கடுமையில்லாதவன், மென்மையாகக் காரியம் செய்கிறவன். இவை இரண்டுக்கும் நடுவே இன்னொரு தகுதி: 'அசண்டே'. சண்டன் அல்லாதவன்! கதையில் அசோகனுக்காக ராதகுப்த மந்திரி தேடிய ஆள் சண்டகிரிகன். கல்லில் அசோகன் தானே தேடுகிற ஆள் அசண்டன். உஜ்ஜயினியிலிருந்தும் தட்சசீலத்திலிருந்தும் மூன்றாண்டுக்கு ஒருமுறை இப்படிப்பட்ட ஆட்கள் புறப்படவேண்டும் என்றும் உத்தரவு. உஜ்ஜயினி! வைத்தியன் மருந்தைக் கொடுத்துவிட்டுத் தப்பி ஓடிய அதே ஊரிலிருந்து.

சண்டத்தை அடியோடு ஒழிக்க முடியாது. கண்காணிக்கத்தான் முடியும் என்று அசோகன் கண்டுகொண்டான் போலும். நம் தமிழ்நாடும் தன் வழியில் இதையே கண்டது என்று எனக்குப் படுகிறது. சிவன் கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் சண்டேசுவரர் சந்நிதி தெரியும். அவருடைய வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். சேய்ஞலூரில் விசாரசருமர் என்ற பிராமணச் சிறுவன். ஓர் ஆயன் பசுவைக் கோலால் அடிப்பதைப் பார்க்கப் பொறாமல், இனி நானே மேய்க்கிறேன் என்று மாடுகளை ஏற்றுக்கொண்டான். மண்ணியாற்றங்கரையில் மணலால் லிங்கம் அமைத்துப் பசுக்கள் தாமே சொரிந்த பாலால் பூஜை செய்தான். தந்தை எச்சதத்தன் வந்து சிறுவனை அடித்து, பால் குடத்தைக் காலால் உதைத்தான். அருகில் கிடந்த கோலைச் சிறுவன் எடுத்தான், அது மழுவாகியது, தந்தையின் கால்கள் துண்டாயின. சிவபெருமான் தோன்றித் தம் சிரத்துக் கொன்றை மாலையை எடுத்து அவனுக்குச் சூட்டிச் சண்டீச பதம் தந்தார். ராஜேந்திர சோழன் எடுப்பித்த கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலில் இந்தக் காட்சியைக் கல்லில் காணலாம். இறைவன் குனிந்து பிள்ளைக்கு மாலை சூட்டுகிற அந்த வாத்சல்யத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

பசுவின்மேல் விழுந்த அடியைத் தாங்காத மனம். தந்தையின் காலை வெட்டிய கை. இரண்டும் ஒரே பிள்ளைக்கு! சண்டன் என்ற பதவி இரண்டுக்குமாகவே கிடைத்தது போலும். அந்தப் பதவியில் அவருக்கு என்ன வேலை கொடுத்தார்கள் தெரியுமா? வாளும் வேலும் தரவில்லை, கணக்கைத் தந்தார்கள். சோழர் காலத்தில் கோயில் சொத்துக்களின் கொடுக்கல் வாங்கல் ஆதிசண்டேசுவரர் பெயரில் நடந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுக்களில் ஊர்ச்சபைகள் அவரிடமிருந்து காசு கடன் வாங்கி, ஆண்டுக்குக் காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு வட்டி கட்ட ஒப்புக்கொண்டிருக்கின்றன. உக்கிரத்தின் பெயரைத் தாங்கியவர் அமைதியாக உட்கார்ந்து வட்டிக் கணக்குப் பார்க்கிறார்.

பிராகாரம் சுற்றி வருகிறவர்கள் அவர் எதிரில் நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் மெல்லத் தட்டிக் காட்டுவார்கள். கோயில் சொத்து எதையும் எடுத்துப்போகவில்லை, கை வெறுங்கை என்று காட்டுவதாக ஐதிகம். சிறுவயதில் எனக்கு இது விளையாட்டாக இருந்தது. அசோகன் தூணைப் படித்த பிறகு அப்படி இல்லை. நன்மையைக் காட்டப் பல சந்நிதிகள் இருக்கின்றன. என் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் சந்நிதி இது ஒன்றுதான்.

அந்தத் தொடர்கதையை நான் எழுதவில்லை. சண்டாசோகன் என்று முதல் அத்தியாயத்துக்குத் தலைப்புப் போட மனம் வரவில்லை. அந்தச் சக்கரவர்த்தி மனிதர்களுக்கும் மிருகங்களுக்கும் வைத்தியத்துக்கு ஏற்பாடு செய்ததாக இரண்டாம் பாறைச் சாசனத்தில் சொல்லுகிறான். சோழ பாண்டிய நாடுகளையும் அந்த வரிசையில் சேர்த்திருக்கிறான். அதைப் படிக்கும்போதெல்லாம், கொட்டிலில் பாட்டி வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்து மயிலையின் கழுத்தில் தடவிக்கொண்டிருந்தது நினைவுக்கு வருகிறது. பாட்டி எண்ணெயைக் கழுத்தில் தடவி முடித்து, விலாவுக்கு வந்தாள். அங்கே மூன்று சிறு புள்ளிகள். ரத்தம் உறைந்திருந்தது. ஒன்றும் கேட்காமல் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள்.

நான் தடவினேன். மாடு சற்று உடம்பைச் சிலிர்த்தது. அவ்வளவுதான். சண்டித்தனம் ஒன்றும் செய்யவில்லை.